பிரதி: மேலிடத்துக்கு

இணையத்தில் ஒரு கணினி இன்னொரு கணினிக்குத் தொல்லை கொடுத்தால் யாருக்கு எழுதவேண்டும் என்பதற்கு 1997ஆம் ஆண்டிலிருந்தே ஒரு விதி இருக்கிறது. இணையத்தின் நடைமுறைகளை எழுதிவைக்கும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில் 2142ஆம் இலக்கச் சின்ன ஆவணம் அது. வலையமைப்பு நடத்தும் நிறுவனம் தன் டொமைன் பெயருக்கு (இணையத்தளத்தின் பெயர்) முன்னால் 'அபியூஸ்' (துஷ்பிரயோகம்) என்று போட்டு ஒரு மின்னஞ்சல் பெட்டி வைத்திருக்கவேண்டும், வெளியிலிருந்து வரும் முறைப்பாடுகள் அங்கே போகவேண்டும் என்கிறது. அந்தப் பெட்டியை ஒருவர் திறந்து பார்க்கவும் வேண்டுமே! அதை எந்த ஆவணத்தாலும் கட்டாயப்படுத்த முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் சில சங்கங்களுக்கும் ஒன்றிரண்டு ரியூசன் நிலையங்களுக்கும் வெப்சைற், மின்னஞ்சல் வேலைகள் பார்த்துக் கொடுக்கிறேன். அதனால் இந்தப் பெட்டிகளுக்கு எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. யார் பதில் போடுவார்கள், போடாதவரை எப்படி அசைக்கலாம் என்பதில் எனக்கு இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

அண்மையில் வந்த ஒரு விஷயத்தை வைத்தே சொல்கிறேன். ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் ஆய்வுகூடம் திருத்தப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தது. வழமை போல லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பழைய மாணவர்கள்தான் பெரும்பகுதி கொடுப்பவர்கள். ஓர் இரவு கனடாவிலிருந்து ஓர் அண்ணை அழைத்தார். "தம்பி, வங்கி எக்கவுண்டை மாத்திப்போட்டியளோ? வேற இடத்தில காசு போடச் சொல்லி மெயில் வந்திருக்கு." நாங்கள் எதையும் மாற்றவில்லை. யாரோ சங்கத்தின் டொமைன் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் புதிதாக ஒன்று வாங்கி, எங்கள் பக்கத்தைப் படங்களோடு அப்படியே படியெடுத்து, கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றி வைத்திருந்தார்கள். தலைவருடைய பெயர், ஆய்வுகூடத்தின் உடைந்த யன்னல் படம், எல்லாம் எங்களுடையவை.

முதல் வேலையாக வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் எச்சரிக்கை போட்டோம், அந்தக் கணக்கு இருந்த வங்கிக்கும் அறிவித்தோம். இதைச் சொல்லக் காரணம், முறைப்பாடு எழுதுவதில் மூழ்கிப் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காசு போவதைத் தடுப்பது முதலில். தளத்தை இறக்குவது அப்புறம்.

சரி, யாருக்கு எழுதுவது? ஒரு போலித் தளத்தின் பின்னால் பொதுவாக மூன்று பேர் இருப்பார்கள். டொமைன் பெயரை விற்ற பதிவாளர் ஒருவர். கோப்புகளைத் தன் சேர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பனி இன்னொன்று. அந்தச் சேர்வரை இணையத்தில் அடையாளம் காட்டும் இலக்கமான ஐபி முகவரியை வைத்திருக்கும் வலையமைப்பு மூன்றாவது. பின் இரண்டும் சிலவேளை ஒன்றாக இருக்கும். பலவேளைகளில், ஹோஸ்டிங் என்று பலகை போட்டவர் இன்னொருவரிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பவராக இருப்பார். நடுவில் கிளவுட்ஃபிளேர் போன்ற ஓர் இடைச்சேவை நின்றால் உண்மையான சேர்வர் எங்கே என்பது வெளியே தெரியாது. அவர்களுடைய படிவத்தை நிரப்பினால் முறைப்பாட்டை உள்ளே இருக்கிற ஹோஸ்டுக்குக் கடத்துவார்கள். ஆனால் ஒரு கவனம்: உங்கள் பெயரையும் தொடர்பு விபரத்தையும் சேர்த்து அனுப்பலாமா என்று அந்தப் படிவத்தில் தனியாக ஒரு கட்டம் இருக்கும். தொல்லை கொடுப்பவருக்கு உங்களைத் தெரியும் என்றால் அதற்குச் சரி போடவேண்டாம்.

இவர்கள் யார் என்று அறியப் பொதுப் பதிவேட்டில் டொமைனுக்கு ஒரு தேடல், ஐபி முகவரிக்கு இன்னொரு தேடல். முன்பு ஹூஇஸ் என்றோம், இப்போது ஆர்டாப் என்ற புதிய முறை அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. உலகத்தின் ஐபி முகவரிகளை ஐந்து பதிவகங்கள் பகிர்ந்தளிக்கின்றன. இலங்கை வருவது ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக்கின் கீழ், அதன் கந்தோர் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கிறது. தேடலின் முதல் வரியில் ஏப்னிக் என்று கண்டதும் அவர்களே தாக்குகிறார்கள் என்று நினைத்துத் திட்டி எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாவம், அவர்கள் காணிப் பதிவகம் மாதிரித்தான். இந்த முகவரி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று சொல்வார்கள், உள்ளே நடக்கும் கூத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல. இன்னும் கொஞ்சம் கீழே வாசித்தால் முறைப்பாட்டுக்கான முகவரி தனி வரியில் இருக்கும். ஏப்னிக்கில் 2010 முதல் அந்த விபரம் கட்டாயம். 2019 முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த முகவரி உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கவும் செய்கிறார்கள்.

எங்கள் விஷயத்தில் ஹோஸ்டிங் கம்பனிக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. பெட்டி நிறைந்துவிட்டதாம்.

பதில் போடாத நிர்வாகி என்றால் கள்ளனுக்குக் கூட்டாளி என்று நினைத்துவிடுவது சுலபம். அப்படியும் சிலர் உண்டு, எந்த முறைப்பாட்டையும் கணக்கெடுக்கமாட்டோம் என்பதையே விளம்பரமாக்கி விற்கும் ஹோஸ்டிங்காரர் இருக்கிறார்கள். ஆனால் நான் கண்டவரை பெரும்பாலானோர் அந்த வகை இல்லை. சின்னக் கம்பனியில் அபியூஸ் பெட்டி என்பது சேர்வர் பார்ப்பவருடைய கடைசி வேலை. அதற்குள் விழுவதில் பெரும்பகுதி இயந்திரங்கள் எழுதும் கடிதம்: உங்கள் முகவரியிலிருந்து எங்கள் சேர்வரின் கடவுச்சொல்லை ஊகிக்க முயன்றார்கள் என்று ஃபெயில்டூபான் போன்ற மென்பொருள்கள் தாமாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தக் குவியலுக்குள் மனிதர் எழுதிய கடிதம் ஒன்று வந்தால், அதுவும் மூன்று பக்கத்துக்கு வந்தால், அப்புறம் பார்ப்போம் என்று தள்ளிவைக்கத்தான் தோன்றும். இதற்கு மேல் காசு என்ற விஷயம் இருக்கிறது. மாதாமாதம் கட்டணம் தருகிறவர் அந்தத் தொல்லைக்காரர். நீங்கள் அந்த நிர்வாகிக்குத் தருவது வேலை மட்டும்.

ஆகவே முதலில், வாசித்த அந்த நிமிடத்திலேயே செய்து முடிக்கக்கூடியதாகக் கடிதம் இருக்கவேண்டும். தலைப்பிலேயே ஐபி முகவரியும் என்ன வகைக் குற்றம் என்பதும். உள்ளே முழு இணைய முகவரி, அதன் ஐபி, பார்த்த நேரம், உண்மையான தளம் எது, போலி எது, இரண்டுக்கும் வித்தியாசம் எந்த வரியில். மின்னஞ்சல் தொல்லை என்றால் கடிதத்தின் தலைப்பகுதி முழுவதும் வேண்டும். ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினால் போதாது, 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகள் எழுத்தாகவே இருக்கவேண்டும். அந்த வரிகளிலும் உங்கள் சொந்த மின்னஞ்சல் சேவை எழுதியதை மட்டுமே நம்பலாம், அதற்குக் கீழே இருப்பதை அனுப்புகிறவர் தானே எழுதிவிட முடியும். வேதனையை எழுதவேண்டாம் என்று சொல்லவில்லை. அதை இன்னொரு கடிதத்தில் எழுதலாம்.

நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 'நேற்று இரவு ஒன்பது மணி' என்று இங்கேயிருந்து எழுதினால் நெதர்லாந்தில் ஒரு நிர்வாகி எந்த லொக்கை (சேர்வர் தானாக எழுதும் பதிவேடு) புரட்டுவார்? இலங்கை நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன். அதுவும் 2006 ஏப்ரலிலிருந்துதான் மறுபடி அப்படி. 1996இல் அரசாங்கம் அதை ஆறரையாக்கி, அதே ஆண்டிலேயே ஆறாக்கி, பத்து வருடம் வைத்திருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலோ பழைய நேரமே ஓடியது. ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடக்கும்போது கைமணிக்கூட்டைத் திருகிய தலைமுறைக்கு நேரவலயம் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. முறைப்பாட்டில் யுடிசி நேரத்தைப் போடுங்கள், அல்லது இலங்கை நேரத்தைப் போட்டு பக்கத்தில் '+5:30' என்று எழுதுங்கள்.

இன்னொன்று, அந்த நிர்வாகிக்குத் தமிழ் தெரியாது. தமிழில் எழுதிய மிரட்டலை அவருக்கு நிரூபிப்பது பெரும்பாடு. அதனால் வாசிக்கத் தேவையில்லாத குற்றத்தை முன்னால் வைப்பது என் வழக்கம். ஆள்மாறாட்டம், திருடிய படம், பணம் பறிக்கும் போலிப் பக்கம் என்பவற்றைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். படத்தை நீங்களே எடுத்திருந்தால் அதன் பதிப்புரிமை உங்களுடையது. சேர்வர் அமெரிக்காவில் என்றால் 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஓர் அறிவித்தல் அனுப்பலாம். அறிவித்தல் கிடைத்தபின் படத்தை அகற்றாவிட்டால் அந்தக் கம்பனி தன் சட்டப் பாதுகாப்பை இழக்க நேரும் என்பதால் அங்கே கை வேகமாக ஓடும். பெரிய சினிமாக் கம்பனிகளும் இசைக் கம்பனிகளும் கேட்டு வந்த சட்டம், ஓர் யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் செல்ஃபியை இறக்க உதவுகிறது. வேடிக்கைதான். ஆனால் வேறொருவர் எடுத்த படத்துக்கு இதைப் பயன்படுத்தக்கூடாது, பொய்யாக உரிமை கோரினால் உங்களைப் பொறுப்புக் கூறவைக்கவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் பதில் வராதபோது என்ன செய்வது? எங்கள் ஊரில் மாவட்டக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் மனு எழுதித் தருகிறவர்கள் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். கடிதத்தின் உடலைவிட அடியில் வரும் 'பிரதிகள்' என்ற பகுதியில்தான் அவர்களுக்குக் கவனம். அரசாங்க அதிபருக்கு, ஆளுநர் செயலகத்துக்கு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் கந்தோருக்கு. கடிதத்தைக் கையிலெடுக்கும் உத்தியோகத்தரின் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். மேலே உள்ளவர் உண்மையில் வாசிக்கிறாரா என்பது வேறு கதை, வாசிக்கக்கூடும் என்பதே போதும்.

வலையமைப்பு உலகத்தில் அந்த மேலிடம் யார்? எந்த வலையமைப்பும் தனியாக நிற்பதில்லை. உச்சியில் இருக்கும் சில பெரியவற்றைத் தவிர, மற்றவை தம்மைவிடப் பெரிய ஒன்றிடம் இணைப்பை வாங்கித்தான் உலகத்தோடு கதைக்கின்றன. அந்தப் பெரியவர் கம்பியைப் பிடுங்கிவிட்டால் கீழே இருப்பவர் இருட்டில். 2008 நவம்பரில் இது எப்படி வேலை செய்யும் என்று உலகமே பார்த்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் மெக்கோலோ என்றொரு ஹோஸ்டிங் கம்பனி. உலகத்து ஸ்பாம் மின்னஞ்சலில் பெரும்பங்கை அனுப்பிய பொட்நெற்களின் (களவாகப் பிடித்து இயக்கும் கணினிக் கூட்டங்கள்) கட்டுப்பாட்டுச் சேர்வர்கள் அங்கே இருந்தன. அதை நேராகக் கேட்டுப் பயனிருக்கவில்லை. அப்போது வொஷிங்டன் போஸ்ட்டில் எழுதிய பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளர் தான் சேர்த்த ஆதாரங்களை மெக்கோலோவுக்கு இணைப்பு விற்ற இரண்டு பெரிய வலையமைப்புகளான குளோபல் குரொசிங்குக்கும் ஹரிக்கேன் எலெக்ட்ரிக்குக்கும் அனுப்பினார். நவம்பர் 11ஆம் திகதி இணைப்பு போனது. உலகம் முழுவதும் ஸ்பாமில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துபோனது. சில நாட்களில் வேறொரு வலையமைப்பின் வழியே மெக்கோலோ தலை நீட்டியது, அவர்களுக்கும் அறிவித்தவுடன் அந்த வழியும் அடைபட்டது. ஸ்பாம் பிற்பாடு வேறு இடங்களிலிருந்து மெல்ல மெல்ல ஏறிவிட்டது உண்மைதான். ஆனாலும் பொலிஸோ நீதிமன்றமோ இல்லாமல், யாரிடம் கேட்பது என்று சரியாகத் தெரிந்ததால் நடந்த காரியம் அது.

ஒரு வலையமைப்பின் மேலே யார் இருக்கிறார்கள் என்று தேடுவது இப்போது மிகவும் சுலபம். இப்படி இணையும் ஒவ்வொரு வலையமைப்புக்கும் அதை அடையாளம் காட்டும் ஏஎஸ் இலக்கம் என்று ஒன்று உண்டு. அதே ஹரிக்கேன் எலெக்ட்ரிக் நடத்தும் பிஜிபி (வலையமைப்புகளுக்கிடையே வழிகாட்டும் முறை) தேடல் பக்கத்தில் ஐபி முகவரியைப் போட்டால் அந்த இலக்கமும், அது யார் யாரோடு இணைந்திருக்கிறது என்பதும் வந்துவிடும்.

மேலிடத்துக்கு எழுதும் கடிதத்தின் தொனி வேறாக இருக்கவேண்டும். போலித் தளத்தை நிறுத்துங்கள் என்று அவர்களிடம் கேட்டால், அது எங்கள் சேர்வர் இல்லை என்று சொல்லி முடித்துவிடுவார்கள், அது நியாயமும்கூட. நான் எழுதியது இப்படி: உங்கள் வாடிக்கையாளரான இந்த வலையமைப்பின் முறைப்பாட்டு முகவரி இயங்கவில்லை, திரும்பிவந்த கடிதம் இதோ, அவர்கள் பக்கம் நடப்பது இது, அவர்களை உங்களால் தொடர்புகொள்ள முடியுமா? திரும்பிவந்த கடிதத்தை எரிச்சலில் அழித்துவிடக்கூடாது, உங்கள் கையில் இருக்கும் சிறந்த சான்று அதுதான். அதையே இணைத்து, முகவரி செத்துவிட்டது என்று பதிவகத்துக்கும் அறிவிக்கலாம். உள்ளடக்க முறைப்பாட்டில் பதிவகம் தலையிடாது, ஆனால் தன் புத்தகத்தில் பிழையான முகவரி இருப்பது அதற்குப் பிடிக்காது.

மறுபக்கத்தில் டொமைன் பதிவாளர். இங்கே 2024 ஏப்ரல் 5ஆம் திகதிக்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. டொட் கொம், டொட் ஓர்க் போன்ற பொதுப் பெயர்களை விற்கும் பதிவாளர்களோடு, டொமைன் பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகான் அமைப்பு செய்துள்ள ஒப்பந்தம் அன்றுமுதல் இறுகியது. ஃபிஷிங் (போலிப் பக்கம் காட்டி ஏமாற்றுவது), தீம்பொருள் போன்றவற்றுக்குச் செயற்படத்தக்க ஆதாரம் கிடைத்தால் பதிவாளர் உடனே நடவடிக்கை எடுக்கவேண்டும். முறைப்பாடு கிடைத்தது என்ற உறுதியையும் அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் ஐகானின் இணக்கப் பிரிவுக்கு நீங்கள் முறையிடலாம். டொட் எல்கே போன்ற நாட்டுப் பெயர்களுக்கு இது பொருந்தாது, அவற்றுக்கு அந்தந்த நாட்டுப் பதிவகத்தைத்தான் கேட்கவேண்டும்.

எங்களுக்கு முதலில் பலன் தந்தது மேலிடத்துக்குப் போன கடிதம். அங்கேயிருந்து முறைப்பாட்டுக்கான ஒரு பதிவு இலக்கம் வந்தது, வேறு விளக்கம் எதுவும் இல்லை. அடுத்த நாள் போலித் தளம் திறக்கவில்லை. ஹோஸ்டிங் கம்பனி கடைசிவரை எங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அதில் கவலையும் இல்லை. ஆனால் டொமைன் மோசடிக்காரர் கையிலேயே இருந்ததால் வேறொரு நாட்டுச் சேர்வரில் மறுபடி அதே பக்கம் வந்தது. அப்போதுதான் பதிவாளருக்கு, 2024 ஒப்பந்தப் பிரிவைச் சுட்டி, ஐகானுக்கும் முறையிடப்போகிறோம் என்று மரியாதையாக ஒரு வரி சேர்த்து எழுதினோம். டொமைன் இடைநிறுத்தப்பட்டது. இரண்டு பக்கமும் ஒரேநேரத்தில் தள்ளவேண்டும் என்பது இந்த வேலையில் இருக்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான்.

இந்த வழிகள் எல்லாம் எட்டாத இடமும் உண்டு. தெரிந்த ஓர் ஆசிரியைக்கு யாரோ தொடர்ந்து அசிங்கமாக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "ஆர் எண்டு மட்டும் கண்டுபிடிச்சுத் தாரும், மிச்சத்தை நாங்கள் பாப்பம்" என்று அவருடைய அண்ணன் என்னிடம் வந்தார். ஜிமெயிலில் இருந்து போகும் கடிதத்தின் தலைப்பகுதியில் அனுப்பியவரின் சொந்த ஐபி பொதுவாக இருக்காது, கூகுளுடைய சேர்வர்தான் தெரியும். ஐபி கிடைத்தாலும் கைபேசி இணைப்புகளில் ஒரே பொது முகவரியின் பின்னால் பெருந்தொகையான வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். ஆசிய பசிபிக் பகுதியில் ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகள் 2011இலேயே அருகிவிட்டதன் விளைவு அது. அவர்களில் ஒருவரைப் பிரித்தெடுக்க நேரத்தோடு அந்த இணைப்பு பயன்படுத்திய போர்ட் (இணைப்பு வாசல்) இலக்கமும் வேண்டும், சேவைகள் அதையும் பதிந்து வைக்கவேண்டும் என்று 2011இல் ஆர்எஃப்சி 6302 சொல்லியும் பல இடங்களில் அது பதியப்படுவதில்லை.

எல்லாம் கிடைத்தாலும், அந்த வாடிக்கையாளர் யார் என்று இணைய சேவைக் கம்பனி உங்களுக்குச் சொல்லாது. சொல்லவும் கூடாது என்பதுதான் என் எண்ணம். கேட்டவுடன் பெயரும் விலாசமும் எடுத்துக் கொடுக்கும் நாட்டில் முதலில் கேட்கப்போவது தொல்லைப்பட்ட பெண்ணாக இருக்காது. எங்கள் ஊரில் பட்டியல்கள் எதற்குப் பயன்பட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, பொலிஸ் முறைப்பாடு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. மெதுவான பாதைதான். நாங்கள் செய்யக்கூடியது, கடிதங்களைத் தலைப்பகுதியோடு அழியாமல் சேர்த்துவைப்பது, லொக்குகள் காலம் முடிந்து அழிந்துபோகும் என்பதால் பொலிஸ் முறைப்பாட்டைத் தாமதிக்காமல் கொடுப்பது. அந்தரங்கப் படங்களை வைத்து மிரட்டல் என்றால் ஸ்டொப்என்சிஐஐ என்ற சேவை இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்றாமல் உங்கள் போனிலேயே அதற்கு ஒரு கைரேகை போன்ற குறியீட்டை உண்டாக்கி, அதை மட்டும் முகநூல், இன்ஸ்டகிராம் முதலான தளங்களோடு பகிர்வார்கள்.

வெளிநாட்டு நிர்வாகிகளைக் குறை சொல்லிக்கொண்டு போகும்போது எங்கள் பக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். கஸ்தூரியார் வீதியில் எந்தக் கடைக்குள் போனாலும் மேலே ஒரு கமரா. அதன் படங்களைப் பதியும் பெட்டியில், வாங்கும்போது இருந்த கடவுச்சொல்லை மாற்றிய கடைகள் எத்தனை? 2016இல் மிராய் என்ற தீம்பொருள் சுமார் அறுபது தொழிற்சாலைக் கடவுச்சொற்களை மட்டுமே வைத்துக்கொண்டு உலகம் முழுவதும் இப்படியான கமராப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் பிடித்து, அவற்றைக் கொண்டு பெரிய தளங்களை முடக்கியது. முதலில் அடிவாங்கியவர்களில் அதே பிரையன் கிரெப்ஸின் தளமும் ஒன்று.

போன மாதம் ஒரு கடைக்காரர் இணையம் இழுபடுகிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அந்தப் பெட்டி இரவு பகலாக வெளியே எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது. கடவுச்சொல்லை மாற்றி, வெளியே திறந்திருந்த போர்ட்டை அடைத்து, மென்பொருளைப் புதுப்பித்தேன். அப்புறம் சேவைக் கம்பனியில் அவருடைய கணக்குக்கு எந்த மின்னஞ்சல் கொடுத்திருக்கிறது என்று கேட்டேன். கம்பி இழுத்த பெடியனுடைய முகவரி. அவன் கட்டாருக்குப் போய்ப் பல காலம், எச்சரிக்கைக் கடிதங்கள் எல்லாம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன. கடைக்காரரின் மகளுடைய முகவரிக்கு மாற்றிக் கொடுத்தோம். பிள்ளை உயர்தரம் படிக்கிறா, மெயில் பார்ப்பா.